பிரசிடெண்டு காருக்குப் பட்டை ஏற்றிய கதை

ஏழுமடையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் உண்டு, அதை யார் அளந்து வைத்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பினால் முதலில் மேட்டில் இருப்பது மேலத்தெரு, அதை முழுக்கக் கடந்து கிழக்கே போய்க்கொண்டேயிருந்தால் பள்ளத்தில் கிடப்பது கீழத்தெரு, இரண்டையும் சேர்த்துவைப்பது ஒரு வாறுகால் மட்டும். மேலத்தெருக்காரர்கள் குளித்தது, கழுவியது, கொப்பளித்தது, அரிசி களைந்தது எல்லாம் அந்த வாறுகாலில் மரியாதையாகக் கிழக்கே ஓடி, கீழத்தெருவின் முதல் வீடான முத்துப்பேச்சி வீட்டுக்குள் போய் நலம் விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஓடைக்குப் போகும். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும், அதற்கு நாங்கள் என்ன செய்யமுடியும் என்று மேலத்தெருவில் கேட்பார்கள். இயற்கையை யாரும் குறை சொல்லக் கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள்.

ஒரு காலத்தில் கீழத்தெரு ஆட்கள் மேலத்தெருவுக்குள் சைக்கிளில் வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். பிறகு சட்டம் வந்தது, பக்கத்து ஊரில் போலீஸ் ஸ்டேஷன் வந்தது, கீழத்தெருப் பையன்கள் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்து பைக்கில் வந்தார்கள், இறங்கு என்று வாயால் சொல்லமுடியாத கெட்ட காலம் ஒன்று ஊருக்கு வந்து சேர்ந்தது. அப்போதுதான் பிரசிடெண்டுக்கு அந்த யோசனை உதித்தது. பிரசிடெண்டு என்றால் சிதம்பரபாண்டியன். அது பதவி அல்ல, பதவி போய் வெகுகாலமாகிறது, பெயர் மட்டும் உடம்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மேலத்தெரு வாசலில், மேற்கே மெயின் ரோட்டிலிருந்து திரும்பும் இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு வேகத்தடை கட்டினார். அந்தப் பக்கத்து வாறுகால் வாயையும் சேர்த்து சிமெண்டால் பூசி, ரிப்பன் வெட்டித் திறந்துவைத்து, பாதுகாப்பு என்பது எல்லாருக்கும் பொது, வேகத்தடைக்குச் சாதி மதம் கிடையாது என்று மைக்கில் பேசினார். கைதட்டினார்கள். அன்றிலிருந்து எவன் பைக்கில் வந்தாலும் இறங்கித் தூக்கித் தள்ளித்தான் உள்ளே வரவேண்டும், மேலத்தெருக்காரர்களும் அப்படித்தான் வந்தார்கள். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவர்களுக்கு மூக்கு வலிக்கிறது என்று சொல்ல உரிமை ஏது.

பிரசிடெண்டிடம் அவருடைய அப்பா காலத்து அம்பாசடர் ஒன்று இருந்தது. வயசான வண்டி, முன்பக்கம் நிமிர்ந்தும் பின்பக்கம் தளர்ந்தும் இருக்கும், பிரசிடெண்டு தம்முடைய உடம்போடும் கௌரவத்தோடும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் நாய் குந்தினதுபோல் பின்னால் குந்திவிடும். அந்தக் குந்தலில் வண்டியின் வயிறு வேகத்தடையில் தட்டியது. ஆகவே தினமும் தாம் கட்டிய வேகத்தடைக்கு முன்னால் தாமே இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து தாண்டி, டிரைவர் வெறும் வண்டியை மறுபக்கம் கொண்டுவந்ததும் திரும்ப ஏறவேண்டியிருந்தது. பக்கத்தில் பைக்கைத் தள்ளிக்கொண்டிருந்த கீழத்தெருப் பையன் ஒருவன் ஒருநாள், "ஐயாவும் எறங்கிட்டியளா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான். அந்த மரியாதை அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவிடவில்லை.

வேகத்தடையைக் கொஞ்சம் கொத்திவிடலாம் என்றாள் அவர் மனைவி கோமதி. முன் சீட்டில் உட்காரலாமே என்றும் சொன்னாள். சொல்லக்கூடிய புத்தியெல்லாம் அந்த வீட்டில் அவளிடம்தான் இருந்தது, அதனால் அவளை யாரும் கேட்பதில்லை. பிரசிடெண்டு மெக்கானிக் தொம்மைக்கு ஆள் அனுப்பினார்.

தொம்மை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தவன், எதையும் முறுக்கிப் பார்ப்பான், முறுக்கி நிற்காததை வெல்டு வைத்துவிடுவான், வெல்டு வைத்ததைப் பற்றிப் பெருமையடிப்பான். அவன் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"பின்னால வில் பட்டை தளந்துபோச்சு அண்ணாச்சி. பழைய வில்வண்டியில பாத்திருப்பியள்லா, வளைஞ்ச இரும்புப் பட்டை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிக் கெடக்கும், அதேதான். புதுசா ஒரு பட்டை உள்ள ஏத்துனோம்னா வண்டி குதிர மாதிரி நிக்கும்."

"எம்புட்டு ஒசரும்?"

"டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல எம் முட்டிக்கை உள்ள போவும். அது போதும்லா?"

வண்டி எப்போதும் நிற்பதுபோல் பிரசிடெண்டு வீட்டு வாசலில் கிழக்கே முகமும் மேற்கே முதுகுமாக நின்றது. தொம்மை ஜாக்கி வைத்துத் தூக்கி, பட்டைக்கட்டைப் பிரித்து, லாரியிலிருந்து கழற்றிய பட்டை ஒன்றை ஒவ்வொரு பக்கமும் சேர்த்து முறுக்கி, ஜாக்கியை இறக்கினான். மடக்கிய கை மட்கார்டுக்குள் போனது. ஆனால் வண்டியின் கூரை, வாசல் சுவரில் எந்தச் செங்கல்லுக்கு நேராக இருந்ததோ அந்தச் செங்கல்லுக்கு நேராகவே இருந்தது. அதாவது வண்டி உயரவில்லை, சக்கரம் இறங்கியிருந்தது, சக்கரத்தோடு சேர்ந்து அது நின்ற தெருவும் இறங்கியிருந்தது. புதுப்பட்டை நிமிர்ந்து உந்தும்போது ஒன்று வண்டி நகரவேண்டும், இல்லை ஊர் நகரவேண்டும். பிரசிடெண்டு வண்டி யாருக்கும் அசைந்து கொடுத்துப் பழக்கமில்லாதது, ஊருக்கு அந்தப் பழக்கம் உண்டு, ஊர் அசைந்து கொடுத்துவிட்டது. மேற்கே தாழ்ந்தது, அந்த அளவுக்குக் கிழக்கே உயர்ந்தது.

இதை யாரும் கவனிக்கவில்லை. வேகத்தடையில் வயிறு மறுபடி தட்டியதைத்தான் கவனித்தார்கள். பிரசிடெண்டு மறுபடி இறங்கி நடந்தார், தொம்மையைத் திட்டினார், தொம்மை இன்னொரு பட்டை ஏற்றினான், அதுவும் தட்ட, மூன்றாவதையும் ஏற்றி, இனி எவனும் குறை சொல்லக் கூடாது என்று நட்டுகளின்மேல் வெல்டு வைத்து மூடிவிட்டுப் போனான்.

முதலில் தெரிந்தது மேலத்தெரு டீக்கடையில்தான். கிளாசில் டீ ஒருபக்கம் நிறைந்தும் ஒருபக்கம் குறைந்தும் இருந்தது, கடைக்காரன் குறைந்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துக் கொடுத்தான், சண்டை வரவில்லை. தொட்டில்கள் மேற்கே ஒதுங்கி ஆடின, உருட்டிவிட்ட தேங்காய் மேற்கே போனது. பழகிவிட்டார்கள். ஏழுமடையில் எதற்கும் ஆச்சரியப்படுவது கௌரவக்குறைவு.

கீழத்தெருவில் முத்துப்பேச்சிக்கு மட்டும் இதில் ஒரு காரியம் இருந்தது. அவளுடைய ஒரே மகள் ராசகனியைக் கயத்தாறுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள், தலைப்பிள்ளை உண்டாகியிருந்தது, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊர் உலகத்து வழக்கம். வளைகாப்பு பேச வந்த சம்பந்தியம்மா வாசலில் நின்று, சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே தேங்கிக் கிடந்ததைப் பார்த்து, உட்காராமலே பேசினாள். "ஒரு பாய் விரிக்க எடம் காயட்டும், பெறகு அனுப்புதோம். சாக்கடையில எம் பேரப்பிள்ள பொறக்காண்டாம்." சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் முத்துப்பேச்சியைக் கொன்றது. மணல் அடித்தாள், செங்கல் துண்டு போட்டு நிரப்பினாள், ஈரம் அவற்றையெல்லாம் தாண்டி ஏறி வந்தது. பிள்ளை பெற வரும் மகளுக்கு ஒரு பாய் அகலத்துக்குக் காய்ந்த தரை இல்லாத அம்மா என்ன அம்மா என்று தன்னையே வைதுகொண்டு நடந்தாள்.

மூன்றாவது பட்டை ஏறிய சில நாளில் தரை காய்ந்தது. அவள் நம்பவில்லை, குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாள். வாறுகால் வீட்டு வாசல்வரை வந்து, யோசித்து, திரும்பி மேற்கே போய்க்கொண்டிருந்தது. காரணத்தைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. நல்லது நடந்தால் காரணம் கேட்கக் கூடாது, கேட்டால் அது திரும்பிப் போய்விடும். அன்றைக்கே பஸ் ஏறிப் போய் மகளைக் கூட்டிவந்தாள். "ஈரம்னு ஒரு சொல்லு என் காதுக்கு வந்துச்சோ, அன்னைக்கே திருப்பிக் கூட்டிருவேன்," என்றாள் சம்பந்தியம்மா. "பெறகு பிள்ளையும் அந்தப் பக்கம் வராது, இவளும் வரமாட்டா. பாத்துக்கிடுங்க."

ஐப்பசி மழை பிடித்தது. மேலத்தெருவின் தண்ணீர் மேலத்தெருவிலேயே மேற்கே ஓடி, வேகத்தடையில் முட்டி, போக வழியில்லாமல் நின்று, பிரசிடெண்டு வீட்டு முதல் படியை நனைத்தது, இரண்டாவது படியைக் கேட்டது. குளித்ததும் கழுவியதும் கொப்பளித்ததும் உரியவர்களிடமே திரும்ப வந்து சேர்ந்தன. கூட்டம் போட்டார்கள். கொத்தனாரைக் கூட்டிவந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள், குமிழி கிழக்கே போய் ஒட்டிக்கொண்டது, ரசமட்டம் கெட்டுப்போச்சு என்று முடிவு செய்து புதுசு வாங்கினார்கள், அதுவும் கெட்டுப்போயிருந்தது. வேகத்தடையை உடைத்தால் தண்ணீர் போய்விடும் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். உடைத்தால் பைக்குகளும் வந்துவிடும் என்பதும் தெரியும். ஆகவே அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரைக் கீழத்தெருவுக்குத் தூது அனுப்பி, நீங்களாகவே பெருந்தன்மையாகக் கொஞ்சம் இறங்கி இருந்துகொள்ளுங்கள் என்று கேட்டார்கள்.

"நாங்க ஏறலயே அண்ணாச்சி," என்றார்கள் கீழத்தெருவில். "நீங்கதான எறங்கிட்டிய."

தொம்மை வந்து பார்த்தான். பட்டையைக் கழற்ற வெல்டை அறுக்கவேண்டும், பின் சக்கரங்கள் தண்ணீருக்குள் கிடந்தன, தண்ணீர் வடிந்தால்தான் அறுக்கமுடியும், அறுத்தால்தான் தண்ணீர் வடியும். வண்டியை நகர்த்தலாமென்றால் சைலன்சருக்குள் தண்ணீர் போய் இன்ஜின் இருமக்கூட இல்லை. "எம் வெல்டு அப்படி, அண்ணாச்சி. நானே நெனச்சாலும் பிரியாது," என்று அந்த நிலையிலும் பெருமைப்பட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் பிரசிடெண்டு ஓய்ந்துபோய்ப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பட்டை அமுங்கியது, சக்கரம் மேலே வந்தது, சக்கரத்தோடு தெருவும் மேலே வந்தது, இரண்டாவது படியில் ஏறியிருந்த தண்ணீர் இறங்கி முதல் படிக்குப் போனது.

மேலத்தெருவுக்கு வழி பிறந்துவிட்டது. பின் சீட்டில் எந்நேரமும் கனம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பிரசிடெண்டோடு இன்னும் இரண்டு தடித்த ஆட்கள் ஏறினார்கள். டிக்கியில் அரிசி மூட்டை வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, மூட்டைக்கு என்ன மரியாதை இருக்கிறது, மனுஷன் உட்காருவதுதான் கனம் என்று பதில் சொல்லப்பட்டது, வைத்துப் பார்த்ததிலும் தெரு அசையவில்லை. முறை போட்டுக்கொண்டார்கள், சாப்பாடு ஜன்னல் வழியாக வந்தது, வெற்றிலை ஜன்னல் வழியாகப் போனது, உட்கார்ந்தவர்களுக்கு மாலை போட்டார்கள், இன்னார் இத்தனை நேரம் ஊரைத் தாங்கினார் என்று கல்யாண வீடுகளில் பேச்சானது, ஒல்லியானவர்களுக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். தெரு பழையபடி மேடானது. இப்போது வெல்டை அறுக்கலாமே என்றால், கனம் இருக்கும்போது பட்டையைக் கழற்ற முடியாது, கனம் இறங்கினால் தண்ணீர் வந்துவிடும் என்றான் தொம்மை. கீழத்தெரு பழையபடி பள்ளமானது. முத்துப்பேச்சி வீட்டு வாசலில் வாறுகால் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, தெரிந்த வீடுதானே என்று உள்ளே வந்தது. நிறைமாத வயிற்றோடு ராசகனி கட்டிலின்மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் பெரிய மனிதர்களின் உடம்பு பெரிய காரியங்களைத் தாங்கும், உட்கார்ந்தே இருப்பதைத் தாங்காது. ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, ஒருவருக்கு மூலம் வந்தது, பிரசிடெண்டுக்குக் கால் வீங்கியது. அப்போதுதான் அவர்கள் காலகாலமாகத் தெரிந்த வேலையைச் செய்தார்கள்: கூலிக்கு ஆள் தேடினார்கள். பிரசிடெண்டு வண்டியின் பின் சீட்டில் கீழத்தெரு ஆள் உட்காருவதா என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. உட்காரவில்லை, வேலை பார்க்கிறான் என்று விளக்கம் சொன்னதும் அடங்கியது. சொந்த வீட்டை அமுக்கிவைக்கக் கூலிக்கு வா என்று கூப்பிட்டார்கள். கீழத்தெருவில் ஒருத்தரும் அசையவில்லை. முத்துப்பேச்சி மட்டும் ஒரு மத்தியானம், தூறலில், மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கீழத்தெருவே வாசலில் நின்று அவளைப் பார்த்துத் துப்பியது.

பிரசிடெண்டு மேல் படியில் நாற்காலி போட்டு வீங்கிய காலை நீட்டியிருந்தார்.

"ஐயா, உக்கார ஆள் வேணும்னியளாம்."

"ஒன் ஒடம்புல என்னட்டி கனம் இருக்கு?"

"நான் இல்ல, எம் மவ. ரெண்டு உசிரு. நீங்க தேடுத கனம் இவகிட்ட இருக்கு."

அவர் வயிற்றைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், தலையை ஆட்டினார். சீட்டில் இருந்தவர்கள் விடுதலையாகி இறங்கி ஓட, ராசகனி ஏறிச் சாய்ந்துகொண்டாள், மெத்தென்று இருந்தது, காய்ந்திருந்தது. மூன்று ஆண்கள் அமுக்கியதைவிடக் கூடுதலாக வண்டி அமுங்கியது. மேலத்தெருவில் பலருக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் முதல் படி காய்ந்ததால் பொறுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்கு முன்பே ராசகனிக்கு வலி கண்டுவிட்டது. முதலில் பல்லைக் கடித்தாள், பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பிரசிடெண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஏட்டி, அவள எறக்கிக் கூட்டிட்டுப் போ."

"எறங்குனா தெரு மூழ்கிருமே, ஐயா."

"அப்பம் அப்படியே உக்காரச் சொல்லு."

"உக்காந்தா இங்கனயே பெத்துருவாளே, ஐயா."

பிரசிடெண்டு வாழ்க்கையில் முதல்முறையாக, இரண்டு உத்தரவுகளில் எதைப் போட்டாலும் தமக்கே வந்து விழும் என்பதைக் கண்டு திகைத்து நின்றார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேண்டி," என்றார், கெஞ்சுவதுபோல.

"வீட்டுல ஏது ஐயா எடம்? எங்க வீட்டுல காஞ்சுகெடந்த தரைய நீங்க உக்காந்து உக்காந்து இங்கன இழுத்துக்கிட்டிய. அதான் அது இருக்க எடத்துக்கே எம் மவளக் கூட்டியாந்துட்டேன்." அவள் ஜன்னலுக்குள் கையை விட்டு மகளின் தலையைத் தடவினாள். வேண்டுமென்றுதான் செய்தாள், ஆனால் மகள் கத்தும்போது, செய்தது சரிதானா, இரண்டில் ஓர் உயிர் போய்விட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது, வேகத்தடைக்கு அந்தப்பக்கம் நின்றது. அதில் வந்த நர்ஸ் பெண் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வேகத்தடைமேல் ஏறி இறங்கி, கணுக்கால் சேற்றில் நடந்து வந்து, இதை எந்த மடையன் கட்டினான் என்று பொதுவாகக் கேட்டுவிட்டுக் காருக்குள் புகுந்தாள். மேலத்தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கோமதி மட்டும் வெந்நீர்ப் பானையும் பழைய நூல் சேலையுமாக இறங்கி வந்தாள். "அங்க என்ன வேடிக்க? அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க," என்று புருஷனிடம் சொன்னாள், அவர் திரும்பி நின்றார். விளக்கு வைக்கும் நேரத்தில், மேலத்தெருவின் நடுவில், பிரசிடெண்டு வண்டியின் பின் சீட்டில், ராசகனிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கேட்கிற மாதிரி அழுதது.

பிள்ளையையும் தாயையும் அன்றைக்கே கீழத்தெருப் பையன்கள் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அவர்கள் இறங்கியதும் வண்டி எழும்பியது, தெரு தாழ்ந்தது, தண்ணீர் பிரசிடெண்டு வீட்டு மூன்றாவது படிக்கு ஏறியது. "ஏறி உக்காருங்கலே எவனாவது," என்று அவர் கத்தினார். யாரும் வரவில்லை. பிள்ளை பெற்ற சீட்டு, தீட்டு. அதிலும் கீழத்தெருப் பிள்ளை பெற்ற சீட்டு. கழுவிச் சுத்தம் செய்யலாமென்றால் உள்ளே ஏறிக் கழுவுகிறவனுக்குத் தீட்டு ஒட்டும், பூசாரியைக் கேட்டால் வெளியே நின்று மஞ்சள் தண்ணீர் தெளிப்பேன், சீட்டுக்கு நான் பொறுப்பில்லை என்றார். ஊரையே தாங்கினோம் என்று மாலை வாங்கிய தடித்த மனிதர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக அந்தச் சீட்டைப் பார்த்தார்கள், முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஏறினால் மேடாகிவிடலாம் என்று தெரிந்தும், ஏற மாட்டோம் என்று வைராக்கியமாக நின்றார்கள். யார் கையும் அவர்களைத் தடுக்கவில்லை. அவரவர் வகுத்த சட்டத்துக்கு அவரவரே கட்டுப்படுவது எவ்வளவு உயர்ந்த குணம். அந்த உயரத்தில்தான் மேலத்தெரு இன்றைக்கும் இருக்கிறது, முழங்கால்வரை நனைந்து. தொம்மை அந்தப் பக்கமே வருவதில்லை.

சம்பந்தியம்மா பிள்ளை பார்க்க வந்தாள். மருமகளைத் திருப்பிக் கூட்டிப்போக ஒரு காரணம் கிடைக்காதா என்று மூலை மூலையாகப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் பார்த்தாள், குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்து அழுத்தினாள், கையைத் திருப்பிப் பார்த்தாள். கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "எங்கிட்டக் குடுங்க பிள்ளைய," என்றாள்.

வெளியே மழை பிடித்தது, பெரிய மழை. முத்துப்பேச்சி பழக்கத்தில் சட்டென்று எழுந்து, தண்ணீர் இறைக்கும் சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். தண்ணீர் வாசல்வரைகூட வரவில்லை. காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே பிள்ளை சிணுங்கியது, சம்பந்தியம்மா ஏதோ பாட்டு முனங்கினாள், ராசகனி பாயில் புரண்டு படுத்தாள். சட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முத்துப்பேச்சி அழுதாள், சந்தோஷத்தில்தான், ஆனால் நிறுத்த முடியவில்லை. அன்று அந்த வீட்டில் நனைந்தது அவள் முகம் ஒன்றுதான்.